ஐந்தாம் சக்கரம்

ஆபத்துக்கு என்று ஏதாவது ஒன்றை எடுத்து வைக்கிற வழக்கம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. அரிசிப் பானைக்குள் மடித்து வைத்த ஒரு நோட்டு. பீரோவின் அடித்தட்டில் யாரும் போட்டுக்கொள்ளாத ஒரு ஜோடி வளையல். தபால் ஆபீஸ் புத்தகத்தில் எடுக்கப்படாமல் கிடக்கும் ஒரு தொகை. இவற்றைச் சேமிப்பு என்று நாம் சொல்வதில்லை. "ஆபத்துக்கு வைத்திருக்கிறது" என்றுதான் சொல்கிறோம். சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துகொள்கிறது. உரக்கச் சொன்னால் ஆபத்தின் காதில் விழுந்து அது வந்துவிடுமோ என்பதுபோல.

இந்த வழக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாளையை எண்ணாத மனிதனைக் கதையில் நாயகனாக வைக்கலாம். அவனோடு குடித்தனம் செய்வது கஷ்டம். என் சந்தேகம் வேறோரிடத்தில் இருக்கிறது. எடுத்து வைத்த அந்தப் பொருளின் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? ஆபத்து வருகிற வரைக்கும், ஒருவேளை அது வராமலே போகிற வரைக்கும், அந்தப் பாரம் யார் தோளில் தொங்குகிறது? எடுத்து வைக்கிறவன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. இதை ஒரு தர்மக் கேள்வியாக என் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது பெரியோர் எழுதிய நூல் எதுவும் அல்ல. நாமக்கல்லில் உள்ள ஒரு பட்டறை. விஷயமோ மிகச் சாதாரணமானது: ஒரு பழைய ஜீப்பின் பின்னால் ஸ்டெப்னியை எப்படி மாட்டுவது என்பது.

ஸ்டெப்னி என்கிற சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லாரி டிரைவரிலிருந்து கார் வைத்திருக்கும் டாக்டர் வரைக்கும் நம் ஊரில் மாற்றுச் சக்கரத்துக்கு அதுதான் பெயர். இங்கிலீஷ் வார்த்தைதானே என்று எண்ணி இன்றைய இங்கிலீஷ்காரர் ஒருவரிடம் சொன்னால் அவர் விழிப்பார். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் சக்கரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்ட வழியில்லை. டயர் கிழிந்தால் நடுச்சாலையில் உட்கார்ந்து அதைப் பிரித்து, ஒட்டி, மறுபடியும் பூட்டவேண்டும். டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பூட்டி, அதைக் கெட்டுப்போன சக்கரத்தோடு கவ்வ வைத்து ஓட்டலாம் என்று காட்டினார்கள். பிறந்த நாட்டில் அந்தப் பெயர் மறைந்துபோயிற்று. இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் மால்டாத் தீவிலும் நிலைத்துவிட்டது.

நிலைத்ததோடு நிற்கவில்லை, மனிதர்கள்மேலும் ஏறிவிட்டது. ஆபீசில் யார் லீவு போட்டாலும் அந்த நாற்காலிக்கு அனுப்பப்படுகிற குமாஸ்தாவை, "இவர்தான் நம்ம ஸ்டெப்னி" என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார்?

சக்கரத்துக்கு வருவோம். நான்கு சக்கரங்கள் ஓடுகின்றன; ஐந்தாவது சும்மா வருகிறது. சும்மா வருகிற அந்தச் சக்கரத்தை எங்கே வைப்பது என்பது வண்டி செய்கிறவர்களுக்கு ஆரம்பம் முதலே தலைவலியாக இருந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் பின்புறத்தில் ஒரு பக்கம் சக்கரம்; மறுபக்கம் பெட்ரோல் டப்பா. பின்கதவு என்று ஒன்று அதற்குக் கிடையாது. யுத்த பூமியில் சிப்பாய்கள் பக்கவாட்டில் தாவி ஏறினார்கள், தாவி இறங்கினார்கள். 1945இல் அதே ஜீப்பைக் குடியானவர்களுக்காகச் செய்து விற்கத் தொடங்கியபோது, மூட்டையும் ஏரும் ஏற்ற ஒரு பின்கதவு தேவைப்பட்டது. உடனே சக்கரம் அங்கிருந்து கிளம்பிப் பக்கவாட்டுக்குப் போயிற்று. யுத்தம் முடிந்ததும் ஜீப்புக்குக் கதவு முளைத்தது என்று சொல்லலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

பழைய லேண்ட் ரோவர்களில் சிலவற்றில் எஞ்சின் மூடியின்மேலேயே சக்கரத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். எஞ்சினைப் பார்க்கவேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தோடு சேர்த்து மூடியைத் தூக்கவேண்டும். வண்டியின் அடிவயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. சேற்றில் அமிழ்ந்து நிற்கிற வண்டிக்கு அடியிலிருந்து அதை எடுப்பது எப்படி என்று கேட்கக் கூடாது. கடைசியாக ஒரு வழி கண்டார்கள். வண்டியின் பின்புறத்தில் ஒரு மூலையில் செங்குத்தாக ஓர் அச்சு, அந்த அச்சில் திரும்புகிற ஓர் இரும்புக் கை, கையில் சக்கரம். சாதாரணமாகக் கை மூடியிருக்கும்; கதவைத் திறக்கவேண்டும் என்றால் கொண்டியை விடுவித்துக் கையை ஒதுக்கிவிடலாம். டொயோட்டாவின் லேண்ட் குரூஸர் 40 வரிசை வண்டிகளிலும், 1970களில் வந்த சில ஜீப்புகளிலும் கம்பெனிக்காரர்களே இப்படிச் செய்து கொடுத்தார்கள். சக்கரமும் வேண்டும், கதவும் வேண்டும் என்கிற இரண்டு ஆசைக்கும் இது ஒரு சமரசம்.

என் நண்பர் ஒருவருக்குக் கொல்லிமலையில் மிளகுத் தோட்டம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய், அதற்கப்புறமும் மண் பாதையில் 3 கிலோமீட்டர் போகவேண்டும். அவரிடம் 1980களில் செய்த ஒரு மஹிந்திரா ஜீப் இருக்கிறது. அவர் கைக்கு வருமுன்பே அது பல கைகள் மாறியது. இடையில் வைத்திருந்த யாரோ ஒருவர், ஸ்டெப்னியை மாட்டப் பின்கதவின் தகட்டின் மேலேயே ஒரு சட்டத்தை அடித்துவிட்டிருந்தார். சௌகரியமான ஏற்பாடு. கதவைத் திறந்தால் சக்கரமும் கூடவே வரும். செலவும் குறைவு.

ஒரு ஐப்பசி மழையில், தோட்டத்துக்கு அருகில் உள்ள குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. அந்த மண் பாதையில், அந்த மழையில், வேறு எந்த வண்டியும் உள்ளே வர முடியாது. நண்பரின் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். கட்டிலோடு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பின்கதவு திறக்கவில்லை. சக்கரத்தின் பாரத்தில் மாதக் கணக்காகச் சரிந்துகொண்டே வந்த கதவு, அன்றைக்கு மண் பாதையில் பட்ட குலுக்கலில் மேல் கீல் பிய்ந்து, தாழ்ப்பாள் நிலையோடு இறுகிக்கொண்டது. நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் அந்தப் பெண் மழையில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில், கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

தாயும் பிள்ளையும் க்ஷேமம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. கதையாக இருந்தால் இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் நண்பர் அதை முடித்துக்கொள்ளவில்லை. "டயர் வெடித்து நின்றிருந்தால்கூட என் மனசு இவ்வளவு வேதனைப்பட்டிருக்காது" என்று என்னிடம் சொன்னார். "ஆபத்துக்கு உதவும் என்று மாட்டி வைத்ததே வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே! அதுதான் எனக்குத் தாங்கவில்லை."

அதற்குப் பிறகுதான் நாமக்கல்லுக்குப் போனோம். லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் பெற்ற ஊர் அது. அங்கே ஒரு பட்டறையில் ஒரு மேஸ்திரி, அறுபது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். கதவின் கீல் இருந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, "இதப் பாருங்க சார்" என்று கூப்பிட்டார். பிய்ந்த கீலைச் சுற்றி மட்டுமல்ல, பிய்யாத கீலைச் சுற்றியும் பெயிண்டுக்கு அடியில் மயிரிழைபோல விரிசல்கள் ஓடியிருந்தன.

"கதவுங்கறது ஆளு ஏறி எறங்கறதுக்குங்க" என்றார் மேஸ்திரி. "அதும் மேல சக்கரத்த மாட்டுனா தகடு என்னங்க பண்ணும்? சுமைய எலும்புல வெக்கோணுங்க. தோல்ல வெக்கக் கூடாது."

எலும்பு என்று அவர் சொன்னது சேஸ். வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற அந்த இரண்டு கனத்த இரும்புச் சட்டங்கள். மற்றதெல்லாம் அவர் கணக்கில் தோல்.

நான் கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்துப் பௌதிகத்தில் எனக்கு மிஞ்சியது நெம்புகோல் ஒன்றுதான். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரமும் டயரும் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் நடு மையம் கீலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர். அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போதே, மேல் கீலை 60 கிலோ பலம் ஓயாமல் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. தாழ்ப்பாள் கொஞ்சம் தாங்கும். கதவைத் திறந்துவிட்டால் அந்தத் துணையும் இல்லை. பள்ளத்தில் விழுந்து எழும்போது இது இரண்டு மடங்காகும், மூன்று மடங்காகும். சக்கரத்தின் எடை 30 கிலோதானே என்று எண்ணுகிறவனுக்குக் கீல் படுகிற பாடு தெரியாது. பாரத்தின் அளவு மட்டும் விஷயமல்ல. அது எங்கே தொங்குகிறது, எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதும் விஷயம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வீட்டின் நினைவு வந்தது. நான்கு அண்ணன் தம்பிகள். எல்லோருக்கும் உத்தியோகம், வீடு, வசதி. கூடப் பிறந்த ஒரு பெண், கல்யாணம் ஆகவில்லை. யார் வீட்டில் பிரசவம் என்றாலும், யாருக்கு ஆபரேஷன் என்றாலும், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அத்தைக்குத்தான் ஆள் போகும். "அவளுக்கென்ன, ஒண்டிக்கட்டைதானே" என்பார்கள். அத்தை வருவாள். காரியம் முடிந்ததும் ஒரு புடவையோடு திரும்பிப் போவாள். அந்தக் குடும்பம் முழுவதும் தன் ஜாக்கிரதையை அவள்மேல் மாட்டி வைத்திருந்தது. நான்கு சேஸ் சட்டங்கள் கனமாகப் படுத்திருக்க, பாரம் தொங்கியது ஒரு தகட்டில். காரணம், தகடுதான் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. ஆட்சேபம் சொல்லாமல் இருந்தது. கீலைச் சுற்றி விரிசல் ஓடுவது யாருக்கும் சத்தமாகக் கேட்பதில்லை. ஒரு நாள் அவள் படுத்துவிட்டபோது, "அத்தை இப்படிப் படுத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது?" என்றுதான் அந்த வீடு கேட்டது.

நம்முடைய பயத்துக்கு நாமே செலவு செய்வது ஜாக்கிரதை. அதை இளைத்தவர் தோளில் மாட்டுவது ஜாக்கிரதை என்ற பெயரில் செய்கிற வேறொரு காரியம். அதற்கு இன்னும் கடுமையான பெயர் உண்டு.

மேஸ்திரியின் வேலை ஆறு நாள் நடந்தது. நான் இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தேன். சேஸின் இரண்டு சட்டங்களையும் பின்னால் சேர்த்துப் பிடிக்கும்படி கனத்த தகடுகளைப் போல்ட் போட்டு முடுக்கினார். அதன்மேல் பெட்டி இரும்பில் ஒரு பம்பர். பம்பரின் ஒரு மூலையில் அச்சு. அந்த அச்சுக்கு அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? காயலான் கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு சின்ன டிரெய்லரின் சக்கர அச்சு. கூம்பு வடிவ உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள், கிரீஸ் வெளியேறாமல் ஒரு சீல், தண்ணீர் புகாமல் மேலே ஒரு மூடி. பல்லாயிரம் மைல் படுத்தபடி ஓடிய அச்சு இப்போது நின்றபடி இன்னொரு சக்கரத்தைத் தாங்கப்போகிறது. அதில் கையைப் பொருத்தி, கையின் நடுவில் ஜீப் சக்கரத்தின் ஐந்து துளைகளுக்கு ஒத்த வட்டத்தில், அதாவது 5½ அங்குல வட்டத்தில், போல்ட்டுகளை நட்டார்.

அச்சை எந்த மூலையில் வைப்பது என்று ஒரு பேச்சு வந்தது. நண்பர் தம் சௌகரியத்தைச் சொன்னார். டிரைவர் ஆசனத்திலிருந்து இறங்கி வந்தால் எந்தப் பக்கம் கை எட்டுமோ அந்தப் பக்கம் கொண்டி இருக்கவேண்டும் என்றார்.

"ஓட்டறவரு எந்தப் பக்கம் எறங்குவாருன்னு கேக்கலீங்க சார்" என்றார் மேஸ்திரி. "ஏர்ற ஆளு எந்தப் பக்கம் நிப்பாங்க, அதச் சொல்லுங்க."

"ரோட்டு ஓரமா நிறுத்தினா, இடது பக்கம் நிப்பாங்க மேஸ்திரி."

"அப்ப அச்சு வலது பக்கம் வரோணுங்க. கதவோட கீலும் அந்தப் பக்கந்தான் இருக்குது. ரெண்டும் ஒரே பக்கமாத் தொறந்தாத்தான் ஒண்ண ஒண்ணு மொறச்சுக்காம இருக்கும். கை நடுரோட்டுப் பக்கம் நீட்டிக்கும். நுனியில ஒரு செவப்புக் கண்ணாடி வெச்சுரலாமுங்க."

ஏறுகிற ஆள் எந்தப் பக்கம் நிற்பார் என்பது எவ்வளவு நல்ல கேள்வி! நம் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஓட்டுகிறவனின் சௌகரியத்தை வைத்துச் செய்யப்படுகின்றன. மனு வாங்குகிற ஜன்னலை உள்ளே உட்கார்ந்திருக்கிறவரின் உயரத்துக்கு வைத்துவிட்டு, வெளியே நிற்கிறவரைக் குனியச் சொல்கிறோம்.

கை திறந்து ஒதுங்கவேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். என் உறவினர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், யோக்கியர், ஒரு காசு அநியாயமாகத் தொட்டதில்லை. ஆபத்துக்கு என்று ஒரு தொகையைப் பாங்கியில் போட்டு வைத்திருந்தார். விதவையான தங்கையின் மகனுக்கு இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்ட நான்கே நாள். தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க ஆபத்துக்குன்னு வெச்சிருக்கீங்களே, அதிலேருந்து கொடுங்க. அவன் வேலைக்குப் போய்த் திருப்பிடுவான்."

"அது ஆபத்துக்கு வெச்சதம்மா" என்றார் அவர்.

"இது ஆபத்தில்லையா அண்ணா?"

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணமும் கொடுக்கவில்லை. பையன் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கெட்ட மனிதர் என்று அவரை நான் சொல்லமாட்டேன். தம் கையால் மாட்டிய சக்கரம் தம் வீட்டு வாசலையே மறைத்துக்கொண்டு தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காப்பாற்றுவதற்கென்று வைத்தது, காப்பாற்றவேண்டியவர் வந்து நிற்கும்போது ஒதுங்கி வழிவிடவேண்டும். ஒதுங்காவிட்டால் அது காவல் அல்ல, அடைப்பு.

ஒதுங்கினால் மட்டும் போதாது. மலைச் சரிவில் வண்டி நிற்கும்போது கையைத் திறந்தால், அது தன் பாரத்திலேயே திரும்பி வந்து மூடிக்கொள்ளப் பார்க்கும். 30 கிலோ சக்கரம் முதுகில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகையால், திறந்த கை திறந்தபடியே நிற்க ஒரு முளையைச் செருகும்படி மேஸ்திரி செய்திருந்தார். உதவி செய்கிறேன் என்று கதவைத் திறந்துவிட்டு, பாதியில் மனம் மாறி நம் முதுகிலேயே மூடுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதேபோல, மூடிய கை ஆடக் கூடாது. மூடியதும் அதன் நுனி பம்பரின்மேல் ஒரு ரப்பர் அணையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கொண்டியைப் போட்டு இறுக்கினால் பாரத்தில் ஒரு பங்கை அந்த நுனி தாங்கிக்கொள்கிறது. இப்போது அச்சு மட்டும் தனியாகத் தொங்கவில்லை. இறுக்காவிட்டால் வழியெல்லாம் கடகடவென்று ஓசை, அச்சும் தேயும். ஆபத்து ஆபத்து என்று அன்றாடம் பேசிக்கொண்டே இருக்கிற ஜாக்கிரதை அப்படிப்பட்டது. பயணத்தையே அது பயமாக்கிவிடும்.

வேலை முடிகிற சமயத்தில் நண்பருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பலமான கை, பலமான அச்சு. அப்படியே பக்கத்தில் இரண்டு டீசல் டப்பாக்களுக்கு இடம் வைக்கலாமே, ஒரு மண்வெட்டி, ஒரு கோடாலி, மேலே ஏற ஒரு சின்ன ஏணி. அந்தக் கால் மணி நேரம் அவரை இன்னும் விரட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது. ஒரு தடவை ஏமாந்த மனிதன் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான்.

மேஸ்திரி கையில் இருந்த வேலையை நிறுத்தினார்.

"வேண்டாமுங்க சார். பின்னச்சுக்குப் பின்னால எத்தன கிலோ ஏத்துறீங்களோ, முன்சக்கரம் அத்தன லேசாயிருமுங்க. கொண்டை ஊசியில மேடேறும்போது ஸ்டீரிங்க ஒடிச்சா வண்டி கேக்காது. பயந்து பயந்து ஏத்துனீங்கன்னா, அப்புறம் வண்டி உங்க பயத்தத்தாங்க இழுத்துக்கிட்டுப் போகும்."

இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ ஆசிரியர் சொல்லிவிட முடியும்? ஜாக்கிரதைக்கும் எடை உண்டு. அளவு தாண்டினால் அதுவே வண்டியைக் கவிழ்க்கும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தெருவில் இறங்கவிடாமல் வளர்க்கிற வீடுகளில், முன்சக்கரம் தரையைத் தொடாமல் பிள்ளைகள் பெரியவர்களாவதை நாம் பார்க்கிறோமே.

சட்டமும் ஒரு விதத்தில் எடையைத்தான் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும், கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றிவிடக் கூடாது என்கின்றன. நம்பர் பலகையும் பின்விளக்கும் மறையவும் கூடாது. நண்பர் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பட்டறைக்கு வந்தார். இந்தக் காரியத்தில் இறங்குகிற யாரும் அப்படிச் செய்வதே நல்லது.

இனி, ஸ்டெப்னியே எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2020இல் மத்திய சர்க்கார் விதியைத் திருத்தி, டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் சிறிய வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. நல்ல சாலையில், கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கிற ஊரில், ஐந்தாம் சக்கரம் வீண் பாரமே. அதை இறக்கிவிட்டு அண்டை அயலாரை நம்பிப் போவதும் ஒரு தைரியம்தான். ஆனால் ஆணி ஏறிய ஓட்டையைத்தான் ஒட்ட முடியும். கல் கிழித்த டயரின் பக்கச் சுவரை ஒட்ட முடியாது. மண் பாதையில், செல்போன் ஓசை எழாத மலையில், அந்தச் சக்கரம் ஓர் ஆடம்பரம் அல்ல. எல்லோருக்கும் ஒரே ஜாக்கிரதையைச் சொல்லக் கூடாது என்பதே இதில் நான் காண்பது. கரடுமுரடான பாதையில் பிறந்தவர்கள் எடுத்து வைக்கிற ஒரு பிடி அரிசியைப் பார்த்து, நல்ல சாலையில் போகிறவர்கள் சிரிக்கக் கூடாது.

கடைசியில் ஒரு விஷயம். சக்கரத்தைப் புதுக் கையில் மாட்டுமுன் மேஸ்திரி டயரின் பக்கச் சுவரைத் துடைத்து, நான்கு எண்களைக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்பது அதில் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருஷத்து 23ஆம் வாரம். ஓடுகிற நான்கு டயர்களையும்விட அது பழையது. அதன் காடிகளில் தேய்மானமே இல்லை. புதுக் கருக்கோடு இருந்தது. ஆனால் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. ஓடாமலே கிழமாகிப்போன டயர். அவசரத்துக்கு அதை மாட்டியிருந்தால் அந்த 70 வளைவுகளில் அது எத்தனையாவதில் நம்மைக் கைவிட்டிருக்குமோ!

"ஸ்டெப்னியையும் மத்த நாலோட சேத்து மொறை மாத்தி ஓட்டோணுங்க" என்றார் மேஸ்திரி. "தொங்கிக்கிட்டே இருந்தா டயருக்கு ஆயுசு கூடும்னு நெனைக்கறாங்க. அது இல்லீங்க."

நண்பர் புது டயர் வாங்கிக்கொண்டார். சில ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை ஐந்தையும் வரிசை மாற்றுகிறார். இப்போது எது ஸ்டெப்னி, எது மற்றது என்று நிரந்தரமாகச் சொல்ல முடியாது. இன்று தொங்குவது நாளை ஓடும். இன்று ஓடுவது நாளை சற்று ஓய்வெடுக்கும்.

அந்தக் குமாஸ்தாவுக்கும் அத்தைக்கும் நாம் செய்யத் தவறியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரை நிரந்தரமாகப் பின்னால் மாட்டி வைத்துவிட்டு, தேயவில்லையே, அவருக்கென்ன குறை என்று கேட்கிறோம். காத்திருப்பதும் தேய்மானம்தான். அது காடியில் தெரியாது. பக்கச் சுவரைத் துடைத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

ஆபத்துக்கு எடுத்து வைப்பது தர்மமா, வெறும் பயமா என்று கேட்டால், பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பலமுள்ளவன் சட்டத்தில் இருக்கிறதா, இளைத்தவன் தகட்டில் தொங்குகிறதா? வாசலில் ஒருவர் வந்து நின்றால் ஒதுங்கி வழிவிடுமா? நம் பங்கு பாரத்தை நாமும் ஒரு முனையில் தாங்குகிறோமா? இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால் எடுத்து வைத்தது நல்லது. இல்லாவிட்டால், ஆபத்து இன்னும் வரவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் வண்டியில் அது முன்னமே ஏறி உட்கார்ந்தாயிற்று.